பெட்டிக்குள் ஒளி

மகன் தனது மேசைக் கணினியின் பக்கத்துத் தகட்டை அகற்றிக் கண்ணாடி பூட்டி, உள்ளே வண்ண விளக்குகள் பொருத்தியிருக்கிறான். 2000களின் தொடக்கத்தில் இதற்குக் குளிர் கதோட்டுக் குழாய்கள் பயன்பட்டன. இப்போது எல்ஈடி பட்டிகள். 5 வோல்ற் பட்டியை 12 வோல்ற் இணைப்பில் செருகினால் கருகிவிடுமாம். கணினியின் வேகம் இதனால் இம்மியும் கூடாது; அழகு மட்டுமே.

வீண்செலவு என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. 1990களில், மின்சாரமற்ற யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தல் விளக்கொளியில் செய்தி எழுதியவன் நான். மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டால் அடியிலுள்ள பஞ்சு நனையுமளவே ஊற்றுவோம். எழுதி முடிந்ததும் ஊதி அணைத்துவிடுவோம், இருளில் பேசிக்கொண்டிருப்போம்.

அன்று அளந்து செலவிட்ட ஒளி இன்று பிள்ளையின் விளையாட்டுப் பொருளாகியிருக்கிறது. அதில் எனக்கு மகிழ்ச்சியே. “படுக்கும்போது அணைத்துவிடு தம்பி” என்று மட்டும் சொன்னேன்.