ஓடுதோ, நடக்குதோ?

தம்பி ஓ.எல். சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது நான் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். சோதனை முடிந்த அடுத்த நாள் என்னுடைய லப்டொப்பில் அவனுக்கு ஒரு கேம் போட்டுத் தருவேன் என்று. மற்றவர்கள் விளையாடுவதை யூடியூபில் பார்த்துப் பார்த்தே அவன் இரண்டு வருடத்தைக் கழித்துவிட்ட கேம் அது. வந்து பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டதால் தள்ளுபடியில் மலிவு. ஆனால் டொலரில் காசு கட்ட எங்களிடம் கார்ட் இல்லை. கனடாவில் இருக்கிற மாமாவின் மகனிடம் கேட்டேன்.

"உன்ர லப்டொப்பில ஓடுமோ?" என்று மச்சான் கேட்டார்.

போனில் ஒருதரம் தட்டிப் பார்த்துவிட்டு, "ஓம், கோல்ட் எண்டு போட்டிருக்கு" என்று பதில் அனுப்பினேன். அவரும் வாங்கி அனுப்பிவிட்டார்.

அந்தக் "கோல்ட்" என்ன, அதை நான் எப்படிப் பிழையாக வாசித்தேன் என்பதைத்தான் இதில் எழுதுகிறேன்.

முதலில் லப்டொப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். பெரியம்மாவின் மகன் வேலைக்குப் போனபிறகு எனக்குத் தந்தது. நாலாம் தலைமுறை இன்டெல், தனிக் கிராபிக்ஸ் கார்ட் கிடையாது, பற்றரி ஒரு மணித்தியாலம் தாங்கினால் பெரிய விஷயம். அதில் கடையில் போட்டுத் தந்த கள்ள விண்டோஸ் இருந்தது. இரண்டாம் வருடம் ஒரு வைரஸ் வந்து, என்னுடைய அசைன்மென்ட் ஒன்றையும் கொண்டுபோனது. புது லப்டொப் என்பது 2022க்குப் பிறகு எங்கட வீட்டில் யாரும் எடுக்காத கதை. விஞ்ஞான பீடத்தில் படிக்கிற சிநேகிதி ஒருத்தி லினக்ஸ் மின்ட் போட்டுத் தந்தாள். காசும் இல்லை, வைரஸ் பயமும் குறைவு. டைப் பண்ண, வாசிக்க, படம் பார்க்க அது போதும். கேம் மட்டும்தான் சிக்கல்.

ஏனென்றால் பெரும்பாலான கேம்களை விண்டோஸுக்கென்றே செய்கிறார்கள். "இந்த உருவத்தைத் திரையில் கீறு" என்று கேம் ஒரு மொழியில் கேட்கும். லினக்ஸுக்கு அந்த மொழி விளங்காது. சிங்களப் படிவத்தோடு கந்தோரில் நிற்கிற அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிற ஆளைப்போல, இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். வைன் என்கிற மென்பொருள் 1993 தொடக்கம் அந்த வேலையைச் செய்துவருகிறது. 2018 ஓகஸ்டில், ஸ்டீம் தளத்தை நடத்துகிற வால்வ் நிறுவனம் வைனை அடிப்படையாக வைத்து புரோட்டன் என்ற ஒன்றை வெளியிட்டது. அதற்குப் பிறகு லினக்ஸிலும் ஸ்டீமைத் திறந்து விண்டோஸ் கேமை அப்படியே தட்டி ஆரம்பிக்கலாம் என்ற நிலை வந்தது.

ஆனால் முதல்நாள் வால்வ் "இவை ஓடும்" என்று பொறுப்பெடுத்துச் சொன்னது 27 கேம்களுக்கு மட்டும்தான். ஸ்டீமில் இருந்ததோ ஆயிரக்கணக்கான கேம்கள். மிச்சத்தை யார் பார்ப்பது? பாவிக்கிற ஆட்களே பார்த்தார்கள். ஒவ்வொருவரும் தன்னிடம் இருக்கிற கேமைப் போட்டுப் பார்த்து, என்ன நடந்தது என்று பொதுவான ஒரு அட்டவணையில் எழுதத் தொடங்கினார்கள். அதுதான் வளர்ந்து புரோட்டன்டிபி ஆனது. வைனுக்கும் இதற்கு முன்பே இப்படி ஒரு பதிவேடு இருந்தது. அதில் ஆகக் கீழ்நிலைக்கு வைத்திருந்த பெயரே "குப்பை" என்ற அர்த்தத்தில்தான்.

புரோட்டன்டிபியில் பதக்கங்கள். பிளட்டினம் என்றால் ஒன்றும் செய்யத் தேவையில்லை, போட்டவுடன் ஓடும். கோல்ட் என்றால் கொஞ்சம் கை வைத்தால் நன்றாக ஓடும். சில்வருக்குச் சின்னக் குறைகள் இருக்கும், ஆனால் விளையாடலாம். புரோன்ஸ் என்றால் ஓடும், அடிக்கடி விழும். கடைசியில் இருக்கிறதை எங்கட பாஷையில் "சரிவராது" எண்டு சொல்லலாம்.

எங்களுக்குக் கிடைத்தது கோல்ட். ரெண்டாம் இடம்தானே, நல்ல பெறுபேறு என்று நினைத்தேன்.

சோதனை முடிந்த அடுத்த நாள் தம்பி விடிய ஆறு மணிக்கே எழும்பி நின்றான். இரவு டேட்டா போட்டு இறக்கி வைத்த கேமை ஆரம்பித்தோம். கறுப்புத் திரை. காத்திருந்தோம். கறுப்புத் திரை. பிறகு தானாக மூடிக்கொண்டது. திரும்பவும் போட்டோம், திரும்பவும் அதே. மத்தியானம் ஆகும்போது தம்பி ஒன்றும் பேசாமல் போனை எடுத்துக்கொண்டு போய் யூடியூபைத் திறந்தான். அவன் என்னோடு சண்டை பிடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஸ்டீமில் ஒரு விதி இருக்கிறது. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாகப் பாவித்திருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமும் அந்தக் கணக்கில் சேரும். எனக்கு ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட முடிந்திருந்தது. மச்சானின் காசு. "ஓம்" எண்டு சொன்னது நான்.

அன்று பின்னேரம்தான் பதக்கத்துக்குக் கீழே இருந்தவற்றை ஒழுங்காக வாசிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு ரிப்போட்டிலும் எழுதினவரின் மெஷின் விவரம் இருக்கும். எந்த லினக்ஸ், எந்தக் கிராபிக்ஸ் கார்ட், எந்த டிரைவர், எவ்வளவு ராம், புரோட்டனின் எந்தப் பதிப்பு. நான் அதையெல்லாம் தாண்டித்தான் போயிருந்தேன். இப்போது பார்த்தால், வரிசையாகப் பெரிய பெரிய கிராபிக்ஸ் கார்ட்கள். எங்கட வீட்டு மொத்த மாத வருமானத்தைவிட விலை கூடினவை. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களிடம் அது ஓடியது. அந்தப் பதக்கம் அவர்களுடைய மெஷின்களின் கதை. என்னுடையது அதில் இல்லவே இல்லை.

வரலாற்றுப் பாடத்தில் எங்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லித் தந்தார்கள். ஒரு மூலத்தைக் கையில் எடுத்தால் யார் எழுதினது, எப்ப எழுதினது, எங்க நின்று எழுதினது என்று கேள். சோதனையில் இதை எழுதி நல்ல புள்ளியும் எடுத்திருக்கிறேன். ஒரு கேமுக்கு முன்னால் அது எனக்கு ஞாபகம் வரவில்லை. நூறு பேரின் சாட்சியைக் கூட்டி ஒரு சொல்லாக்கி வைத்தால், நாங்கள் அந்தச் சொல்லை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம்.

"எப்ப" என்ற கேள்வியும் சின்னதில்லை. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் என்ற ஒன்லைன் கேம் 2022 தொடக்கம் லினக்ஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. 2024 ஒக்டோபர் 31 அன்று, ஏமாற்றி விளையாடுகிறவர்களைத் தடுக்கவென்று சொல்லி, அதை நடத்துகிற நிறுவனம் லினக்ஸ் முழுவதையும் வெளியே விட்டது. அதுவரை "அருமையாக ஓடுது" என்று எழுதின அத்தனை பேரும் உண்மைதான் எழுதினார்கள். அடுத்த நாள் அவை எல்லாம் பழைய காலத்து ஆவணங்கள். கேமிலும் மெஷினிலும் ஒன்றும் உடையவில்லை. ஒரு முடிவு மட்டும் மாறியது. திகதியைப் பாராமல் பதக்கத்தைப் பார்க்கிறவர் அதில் மாட்டுப்படுவார்.

கீழே போய்க்கொண்டே இருந்தேன். ஒரு இடத்தில் நாலாம் தலைமுறை இன்டெல், தனிக் கார்ட் இல்லை. மூன்றே மூன்று வரி, உடைந்த ஆங்கிலம். எந்த நாட்டு ஆள் என்றும் தெரியாது. புதுப் புரோட்டனில் உள்ள மொழிபெயர்ப்பாளருக்கு வல்கன் 1.3 வேண்டும், எங்களைப் போன்ற பழைய இன்டெல்லிடம் அது இல்லை, அதனால்தான் கறுப்புத் திரை. கேமின் அமைப்புக்குள் போய் ஒரு வரியைச் சேர்த்தால் அது பழைய ஓபன்ஜிஎல் வழியாகப் போகும். மெதுவாக இருக்கும், ஆனால் திறக்கும். இவ்வளவுதான் எழுதியிருந்தார்.

வரியைப் போட்டேன். திறந்தது.

நிழல்களை நிற்பாட்டி, திரையின் அளவைக் குறைத்து, மேசைக் காற்றாடியை லப்டொப்புக்கு நேரே திருப்பி வைத்த பிறகு செக்கனுக்கு இருபது, இருபத்திரண்டு பிரேம் வந்தது. சண்டைக் காட்சியில் அதுவும் விழுந்தது. தம்பிக்கு அதெல்லாம் கணக்கே இல்லை. "அக்கா, ஓடுது!" என்று கத்தினான். வீடியோ கோலில் காட்டினபோது என்னுடைய விஞ்ஞான பீடச் சிநேகிதி சிரித்தாள். "இது ஓடேல்லயடி, நடக்குது."

இரண்டு நாளைக்குப் பிறகு நானும் ஒரு ரிப்போட் எழுத இருந்தேன். எனக்கு உதவின ஆளுக்குத் திருப்பிக் கொடுக்க வேறு வழி இல்லை. கேள்விகள் ஒன்றொன்றாக வந்தன. இன்ஸ்டோல் ஆனதா? ஓம். திறந்ததா? ஓம், கை வைத்த பிறகு. விளையாட முடிந்ததா?

அந்த இடத்தில் கையை எடுத்தேன். தம்பியைக் கேட்டால் ஓம். சிநேகிதியைக் கேட்டால் இல்லை. "ஓம்" போட்டால், என்னைப்போல் இன்னொருத்தி பதக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தன் மச்சானுக்குப் பதில் அனுப்புவாள். "இல்லை" போட்டால், என்னைப்போல் பழைய லப்டொப் வைத்திருக்கிற ஒருத்தி தன்னிடம் அது திறக்கவே திறக்காது என்று விட்டுவிடுவாள். எனக்குள் இன்னொன்றும் இருந்தது. கஷ்டப்பட்டு ஓட வைத்தேன் என்ற பெருமை. அந்தப் பெருமையில் குறைகளைக் கொஞ்சம் குறைத்து எழுத மனம் வந்தது. மற்ற ரிப்போட்களிலும் இது நடந்திருக்கும் என்று அப்போதுதான் விளங்கியது. ஓட வைத்தவர் சந்தோஷத்தில் எழுதுவார். ஓடாதவர் காசைத் திருப்பி எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடுவார். அவருடைய மௌனத்துக்குப் பதக்கத்தில் இடமில்லை.

கடைசியில் "ஓம்" என்று போட்டேன். ஆனால் கீழே ஏழு வரி எழுதினேன். மெஷின், சேர்த்த வரி, நிழல் இல்லை, பிரேம் எண்ணிக்கை, எந்தக் கட்டத்தில் விழுகிறது, முதல் தரம் ஒரு மணித்தியாலம் வீணானது, காற்றாடி. காற்றாடியை எழுதலாமோ என்று யோசித்தேன். அதுவும் உண்மைதானே.

இப்படிச் சேருகிற தரவு முழுவதையும் திறந்த உரிமத்தில் வெளியிடுகிறார்கள். யாரும் எடுத்துப் பாவிக்கலாம். வால்வ் தன்னுடைய ஸ்டீம் டெக் கருவிக்கென்று கேம்களைத் தானே சோதித்து, தானே ஒரு முத்திரை குத்துகிறது. அது ஒரே ஒரு கருவியில் செய்கிற சோதனை. காசுக்கு ஆள் வைத்தாலும் எங்கட வீட்டு லப்டொப்பைத் தேடி வந்து யாரும் சோதிக்கப் போவதில்லை. எங்களிடம் இருக்கிறதைப் பற்றி நாங்கள் எழுதாவிட்டால், அப்படி ஒரு மெஷின் உலகத்தில் இருக்கிறது என்பதே அந்தப் பதிவேட்டில் வராது.

அதனால், லினக்ஸில் கேம் போட நினைக்கிறவர்கள் பதக்கத்தைப் பார்த்துவிட்டு நிற்காதேங்கோ. கீழே போய் உங்கட மெஷினைப் போல ஒன்றைத் தேடுங்கோ, திகதியையும் பாருங்கோ. ஓடினாலும் எழுதுங்கோ, ஓடாவிட்டால் கட்டாயம் எழுதுங்கோ.

என்னுடைய ஏழு வரியை யாரும் வாசித்தார்களோ தெரியாது. மச்சானுக்கு தம்பி விளையாடுகிற படத்தை அனுப்பினேன், காற்றாடியும் தெரிகிற மாதிரி. போன கிழமை தம்பி அடுத்த கேமோடு வந்தான். நான் கேட்கமுதலே சொன்னான்.

"அக்கா, இது பிளட்டினம். ஆனா எங்கட மாதிரி மெஷின்காரர் ஒருத்தரும் இன்னும் எழுதேல்ல."