வழுதுணங்காயும் முசாக்காவும்

வாலிகண்டபுரத்து விருந்துகளில் நெய்ச்சோற்றுக்குத் துணை தாளிச்சா. எலும்பிறைச்சியும் பருப்பும் கொதிக்கும் தேக்சாவில் கத்திரிக்காயை இட்டு இறக்கினால்தான் அதற்குச் சுவை கூடும். நம்மிடம் அரபுப் பாடம் கேட்கும் மாணவர் ஒருவர் அண்மையில், “ஹஜ்ரத், நாம் உண்பவற்றில் பலவற்றின் பெயர் அயல்மொழிப் பெயராயிருக்கின்றதே, அவற்றை நம்முடையவை எனலாமா?” என வினவினார். யாரோ சீண்டிய நோவு அவ்வினாவில் இருந்தது. விடையாக நாம் கிரேக்கரின் முசாக்காவை எடுத்துரைத்தோம்.

முசாக்கா கிரேக்க நாட்டின் பெருமைக்குரிய உணவு. பொரித்த கத்திரிக்காயின்மேல் கொத்திறைச்சியைப் பரப்பி, பாலும் மாவும் வெண்ணெயும் சேர்ந்த வெண்குழம்பை ஊற்றி, அடுப்பறையில் பொன்னிறமாகச் சுட்டெடுப்பர். ஆனால் பெயரோ அரபு. ‘முஸக்கஆ’ என்றால் குளிர வைக்கப்பட்டது என்று பொருள். லெபனானில் கத்திரிக்காயையும் கொண்டைக்கடலையையும் தக்காளியுடன் சமைத்து, ஆறவிட்டே உண்பர். எகிப்தியர் பூண்டும் காரமும் சேர்ப்பர். துருக்கியர் அடுக்காமலே சமைத்துச் சோற்றுடன் உண்பர். பல்கேரியரும் செர்பியரும் கத்திரிக்காயை விடுத்து உருளைக்கிழங்கை இடுவர். பல்கேரியர் மேலே தயிரும் முட்டையும் கலந்து ஊற்றுவர்.

இதன் முன்னோடியெனத் தக்க ஓர் உணவு பக்தாதில் இருந்தது. 1226ஆம் ஆண்டில் முஹம்மது இப்னுல் ஹஸன் அல்பக்தாதி எழுதிய ‘கிதாபுத் தபீக்’ என்னும் சமையல் நூலில் ‘மக்மூமா’ இடம்பெற்றுள்ளது. மூடப்பட்டது என்பது அச்சொல்லின் பொருள். இறைச்சி, வெங்காயம், கத்திரிக்காய் ஆகியவற்றை அடுக்கி, மூடிச் சமைப்பது அது.

கிரேக்க முசாக்காவுக்கு வெண்குழம்புப் போர்வை கிடைத்தது 1920களில்தான். நிக்கோலாஸ் செலமெண்டெஸ் என்ற சமையற்கலைஞர், துருக்கியர் ஆட்சி விட்டுச்சென்ற கீழைச்சுவையைத் தம் நாட்டுச் சமையலிலிருந்து களைய விரும்பினார். பிரெஞ்சு முறையைப் புகுத்தினார். சமையல் நூல் என்பதற்கே அவர் பெயர் வழங்குமளவு புகழ் பெற்றார். எனினும் அவர் போர்த்திய போர்வைக்குள் அரபுப் பெயர் அப்படியே இருந்தது. அதனால் முசாக்கா கிரேக்கருடையது அன்று என்றாகிவிடுமா? ஆகாது. ஆக்கி உண்டு, மக்களுக்குக் கற்பித்த அடுப்பு அவர்களுடையது.

இனிக் கத்திரிக்காயின் பெயரை நோக்குவோம். அரபியில் ‘பாதிஞ்சான்’. அது பாரசீகத்தின் ‘பாதிங்கான்’ என்பதிலிருந்து வந்தது. பாரசீகம் வடமொழியின் ‘வாதிங்கண’ என்பதிலிருந்து பெற்றது. அதற்கும் மூலம் திராவிடச் சொல்லே என்பர் மொழிநூலார் பலர். கத்திரிக்காய்க்கு நம் பழந்தமிழ் வைத்த பெயர் வழுதுணங்காய் அன்றோ! அரபுச்சொல் ஸ்பெயினையும் போர்ச்சுக்கலையும் அடைந்தது. போர்ச்சுக்கீசியர் வாயிலாகப் ‘பிரிஞ்சால்’ என உருமாறி இந்தியாவுக்கே மீண்டது. நம் கொல்லைக் காய் உலகைச் சுற்றிப் புதுப்பெயருடன் வீடு திரும்பியிருக்கிறது!

ஆகவே அன்பர்களே, பெயரைக் கொண்டு ஒரு பண்டத்தை அயலது எனத் தள்ளுவது அறிவன்று. மனிதரைத் தள்ளுவது அதனினும் தீது. சொல் எங்கிருந்தும் வரலாம். அது எந்த மண்ணில் வேரூன்றி, எந்தத் தாயின் கையால் பரிமாறப்பட்டதோ, அந்த மண்ணுக்கும் அது உரியதே. இவ்வுண்மையை அறிந்த பிள்ளை, தன் வீட்டுச் சொல்லைத் தெருவில் சொல்லக் கூசாது. பிறர் வீட்டுச் சொல்லை எள்ளி நகையாடவும் செய்யாது.