மீண்டும் ஒரு கரிநெருப்பு

தோல்வியைப் பற்றி எம் பெண்கள் அதிகம் பேசுவதில்லை. மனதுக்குள் பூட்டிவைத்துத் தம்மைத் தாமே தண்டித்துக்கொள்வார்கள். 2009 இல் இடம்பெயர்ந்தபோது, நடக்க முடியாத தாயை விட்டுவர நேர்ந்த ஓர் அக்கா, "எனக்கு இனி மன்னிப்பே இல்லை, தங்கச்சி" என்றார். எனக்குப் பேதுருவின் நினைவு வந்தது.

இயேசு கைதான இரவில், கரிநெருப்பருகே குளிர்காய்ந்தபடி, அவரைத் தெரியாதென மூன்று முறை மறுதலித்தவர் பேதுரு. யோவான் நற்செய்தி 21ஆம் அதிகாரத்தில், உயிர்த்த இயேசு கடற்கரையிலே கரிநெருப்பில் மீனும், அப்பமும் வைத்துக் காத்திருக்கிறார். முதலில் சாப்பிடக் கூப்பிடுகிறார். பிறகுதான் கேள்வி. அதுவும் ஏன் மறுதலித்தாய் என்றல்ல. தம்மில் அன்பு உண்டா என்று மூன்று தரம் கேட்கிறார். ஒவ்வொரு பதிலுக்கும் தமது மந்தையைப் பராமரிக்கும் பொறுப்பைக் கொடுக்கிறார்.

கிருபை நடந்ததை மறைப்பதில்லை. விழுந்தவரைப் பக்கத்தில் இருத்தி, பசியாற்றி, திரும்பவும் நம்புகிறது.

அந்த அக்கா யாரையும் மறுதலிக்கவில்லை. ஷெல்லடிக்குள் பிள்ளைகளைக் காப்பாற்றிக் கொண்டுவந்தவர். மறுதலித்தவருக்கே இடமிருந்தது, அவருக்கு இல்லாமல் போகுமா? இதைத்தான் அவரிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அன்றுதான் தாயைப் பற்றி நெடுநேரம் பேசினார்.

சகோதரிகளே, உங்களுக்குள்ளும் இப்படியொரு பாரம் இருந்தால், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். பேதுருவும் மனங்கசந்து அழுதவர்தான். ஆனால் உங்களுக்கு நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். உங்களை நம்பி ஒப்படைக்கப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.