மாடியில் ஒரு நீலப் பூ

பள்ளியில் எங்கள் பிரெஞ்சுப் பாடப் புத்தகத்தில் ‘மியோசோத்தீஸ்’ என்ற சின்ன நீலப் பூவின் படம் இருந்தது. ‘என்னை மறவாதே’ என்று அதற்கு இன்னொரு பெயர். புதுச்சேரியில் அதை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

1962 ஆகஸ்டில் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமை. அண்ணன் எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். அப்பா எழுதவில்லை. நான் இங்கேயே குமாஸ்தா ஆனேன்.

நான் ஓய்வு பெற்ற வருடம், அண்ணன் அந்தப் பூவின் விதையைத் தபாலில் அனுப்பினார். கார்த்திகையில் விதைத்தேன். முளைத்து இலையும் விட்டது. மாசி வெயிலில் கருகிவிட்டது. குளிர் தேசத்துச் செடி, என்ன செய்யும்? மறு வருடமும் அதே கதை.

“பூத்துதாடா?” என்று போனில் கேட்டார் அண்ணன்.

“பூத்துதுண்ணே” என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பொய்க்கு ஒரு நீலப் பூவாவது வேண்டுமே என்று நர்சரிக்குப் போனேன். ‘ப்ளூ டேஸ்’ என்று ஒரு செடி கொடுத்தார்கள். நம் ஊர் விஷ்ணுகிரந்திக்குத் தென் அமெரிக்கச் சொந்தம். ஓரடிக்கு மேல் வளராது, பக்கவாட்டில் படரும். பல வருடம் இருக்கும்.

முதல் செடியை நானே கொன்றேன். பாசத்தில் காலை, மாலை தண்ணீர் ஊற்றியதில் வேர் அழுகிவிட்டது. பிறகு செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சமமாகக் கலந்து வைத்தேன். மேல்மண் காய்ந்தால்தான் தண்ணீர். அரை நாளாவது நேர் வெயில் வேண்டும். நீண்டுபோனால் மூன்றில் ஒரு பங்கு கத்தரித்துவிடுவேன், அடர்த்தியாகத் துளிர்க்கும். வெட்டிய நுனியை ஈர மணலில் நட்டால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும்.

காலையில் விரியும் பூ பிற்பகலில் சுருண்டுவிடும். மறுநாள் வேறு பூ வரும்.

“இன்னும் பூக்குதாடா?” என்று அண்ணன் கேட்கும்போதெல்லாம் அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டே, “தினமும் பூக்குதுண்ணே” என்பேன். எந்தப் பூ என்று அவர் கேட்டதில்லை. போன வருடம் அங்கேயே காலமாகிவிட்டார். கடைசிவரை நானும் சொல்லவில்லை.

இப்போது மாடியில் ஐந்து தொட்டிகள் இருக்கின்றன. கன்று வேண்டுமென்றால் காலையிலேயே வாருங்கள். மதியத்துக்கு மேல் வந்தால் பூவைப் பார்க்க முடியாது.