எர்த் பின்னை ஒடிக்காதவர்

தொப்பூர்க் கணவாயில் 2024 ஜனவரி 24 அன்று லாரிகளும் கார்களும் அடுத்தடுத்து மோதி நான்கு பேர் இறந்தார்கள். இறக்கத்தில் வருகிறவர்களை எச்சரிக்க மைக் கட்டினால் என்ன என்று நண்பரிடம் கேட்டேன். "கட்டுறது சுலபம். காதுல விழற மாதிரி கட்டணும்" என்றவர், அந்த ஊர் மைக்செட்காரர் ஒருவரிடம் கூட்டிப்போனார்.

அண்ணனுக்கு அறுபதை நெருங்கும் வயது. சின்ன வயதில் தெருக்கூத்துக்குக் குழாய் ஸ்பீக்கர் தூக்கியவர். மைக் வயரையும் டியூப்லைட் வயரையும் ஒரே மூங்கிலில் சுற்றிவிட, கர்ணன் பேசும்போதெல்லாம் ஆம்ப்ளிஃபயரும் கூடவே உறுமியதில் தொடங்கியது இவருடைய படிப்பு. இப்போது மேச்சேரி, மேட்டூர்ப் பக்க ஆலைகளில் அறிவிப்பு மைக்கும் அபாயச் சங்கும் 'ஹம்' அடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பிழைப்பு.

கையில் இருப்பது ஒரு பழைய வாக்மேன். கேசட்டைப் படிக்கும் ஹெட்டைக் கழற்றி, ஒரு முழ வயரில் நீட்டி, பேனாக் குழாயில் செருகியிருக்கிறார். நாடாவின் காந்தப் பதிவைப் படிக்கிற ஹெட், மின்சாரம் ஓடும் வயரைச் சுற்றியுள்ள காந்தப் புலத்தையும் படித்துவிடும். ஹெட்ஃபோனை என் காதில் மாட்டி, பேனாவைச் சுவரில் நகர்த்தினார். ஓரிடத்தில் கனமான உறுமல், நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். "ஃபேனுக்குப் போற லைன்" என்றார்.

மறுநாள் ஓர் ஆலைக்குக் கூட்டிப்போனார். மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் ஓடினால் போதும், ஸ்பீக்கர்களெல்லாம் 'கீய்ங்' என்று கத்தின. கேபிள் தட்டு நெடுகப் பேனாவை ஓட்டிக்கொண்டே போனவர் ஒரு தூணருகே நின்றார். மோட்டார் கேபிளோடு மைக் வயரையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மைக் வயரைப் பிரித்துத் தனி இரும்புக் குழாயில் விடச் சொன்னார். குறுக்கே போய்த்தான் ஆகவேண்டும் என்றால் நேர்க்குறுக்காகப் போகணும், கூடவே ஓடக்கூடாது.

மிச்சமிருந்த உறுமலுக்குக் காரணம் வேறு. மைக் வயரின் மேல் வலையை கேட், கன்ட்ரோல் ரூம் என இரண்டு முனையிலும் எர்த் செய்திருந்தார்கள். கேட்டிலுள்ள எர்த்தும் கன்ட்ரோல் ரூம் எர்த்தும் ஒரே மட்டத்தில் இல்லை. அந்த வோல்ட் வித்தியாசத்தால் வலை வழியே மின்சாரம் ஓடியது. கேட் முனையில் வலையை வெட்டி டேப் சுற்றினார். உறுமல் அடங்கியது.

"இதுக்குப் பல பேரு என்ன பண்றாங்க தெரியுமா? ஆம்ப்ளிஃபயர் பிளக்குல எர்த் பின்னை ஒடிச்சிடுவாங்க. ஹம் போயிடும். ஒருநாள் உள்ள கரண்ட் கசிஞ்சா மைக்கைப் பிடிச்சவனும் போயிடுவான்."

சங்கின் கதை இன்னும் மோசம். ரிலே காயில் அணையும்போது எழும் மின்னழுத்தத் துள்ளல் அலாரம் வயரில் ஏறினால் சங்கு பொய்யாக ஊதும். டிசி ரிலேயின் காயிலுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு டயோடு, சில்லறைக் காசு, போட்டால் தீர்ந்தது. போடாவிட்டால் ராத்திரி ஷிஃப்டில் யாராவது எரிச்சலில் சங்கின் வயரைப் பிடுங்கிவிடுவார்கள். போபாலில் விஷவாயு கசிந்த 1984 டிசம்பர் 2 இரவு ஊருக்கான சங்கு கொஞ்ச நேரமே ஊதி நிறுத்தப்பட்டது. அங்கே காரணம் வேறு, ஆனால் வாய் மூடிய சங்கு எவ்வளவு உயிரை வாங்கும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இவ்வளவும் தெரிந்தவருக்குக் கிடைப்பது நாள்கூலி. டெண்டர் எடுப்பவர் ஒருவர், அவரிடம் சப் கான்ட்ராக்ட் எடுப்பவர் இன்னொருவர், அவருக்கும் கீழே ஓர் ஆள். ஒவ்வொரு கையிலும் பணம் தேயும்போது முதலில் தேய்வது கண்ணுக்குத் தெரியாத சரக்குதான். வலை போட்ட முறுக்கு வயருக்குப் பதில் சாதா வயர், தாமிரத்துக்குப் பதில் தாமிர முலாம் பூசிய அலுமினியம். தொப்பூர்ப் பக்கம் பாறை நிலம், எர்த் குழி இறங்குவதே பாடு. அரைக்குழியில் கரியும் உப்பும் கொட்டி மூடிவிட்டு முழுக்குழிக்கு பில் போடுகிறார்கள். ஹம் அடித்தால் பழி மட்டும் அண்ணன் தலையில்.

எர்த்திங்குக்கு ஐ.எஸ். 3043 என்று இந்தியத் தரநிலையே இருக்கிறது. டெண்டரில் ஸ்பீக்கர் எத்தனை என்று கேட்பவர்கள், எர்த் எத்தனை ஓம் என்று அளந்து காட்டினால்தான் பணம் என்றும் ஒரு வரி சேர்க்கட்டும். அளக்கிற வேலையை அண்ணனைப் போன்றவர்களிடம் நேராகக் கொடுக்கட்டும். இடையில் நிற்பவர்களின் கமிஷனே அவர் சம்பளத்துக்குப் போதும்.