நாவில் வாழும் வரலாறு

கல்லிலும் செப்பேட்டிலும் பொறிக்கப்பெற்ற வரலாறு நெடுங்காலம் நிலைத்து நிற்கும். மக்கள் நாவில் வாழும் வரலாறோ, கேட்பார் இல்லையாயின், சொல்வாரோடு மறையும். ஆதலின், ஊரார் ஒருங்கு கூடித் தம் கலைகளையும் முன்னோர் வாழ்வையும் குறித்துப் பேசுதல் வெறும் பொழுதுபோக்கு அன்று, கடமையேயாம்.

திண்டுக்கல்லினின்று வடக்கே கரூர் செல்லும் வழியில் உள்ளது குஜிலியம்பாறை. இத்தகைய ஊர்களின் மூத்தோரிடம் ‘டூரிங் கொட்டகை’ என்று சொன்னாற் போதும். அவர் முகம் மலரும். மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்தது, படச்சுருள் மாற்றுந்தோறும் விட்ட இடைவேளை, விடியுமளவும் விழித்திருந்து கண்ட வள்ளி திருமண நாடகம் என ஒவ்வொன்றாக நினைவுகள் வெளிவரும். இவற்றுட் பல எந்நூலிலும் ஏறாதவை.

போற்றப்படாதவற்றின் முடிவு யாது? திரைப்படத்தின் வரலாறே இதற்குச் சான்று. திருச்சிராப்பள்ளியில் புகைவண்டித் துறையிற் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட் என்பார், 1905ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகச் சென்று படம் காட்டினார். பின்னர்ச் சென்னையில் நடராஜ முதலியார் ‘கீசக வதம்’ என்னும் ஊமைப் படத்தை எடுத்தார். 1931இல் ‘காளிதாஸ்’ என்னும் முதல் தமிழ்ப் பேசும்படம் வெளிவந்தது. மக்கள் திரண்டு கண்டு வியந்த இவ்விரு படங்களுள் ஒன்றேனும் இன்று கிடைத்திலது!

எனினும், முயல்வார்க்கு எச்சம் கிட்டும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, அரிய நூல்களோடு, பிறர் குப்பையென எறியும் நாடக அறிவிப்புகளையும் பாட்டுப் புத்தகங்களையும் அழைப்பிதழ்களையும் தேடித் தொகுத்தார். அவர் 1992இல் மறைந்தார். அவர்தம் தொகுப்பு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தது. தனி ஒருவர் ஆர்வம், ஒரு நாட்டின் நினைவைக் காத்தது.

காகிதத்தை அவர் காத்தார். நாவில் உள்ளதைக் காப்பவர் யார்? அஃது அவ்வவ்வூரார் பணியே. அங்ஙனம் கூடிப் பேசுங்கால், இனியவற்றை மட்டும் பேசி அமைதல் நேர்மையாகாது. அரங்கில் அமர்ந்தவர் யார், புறத்தே நிறுத்தப்பட்டவர் யார் என்பதும் வரலாறே. புறத்தே நின்றவர் சொல்லும் அவையேற வேண்டும். மேலும், நினைவு பிறழ்தல் இயல்பு. ஆதலின், ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றோடும் பழைய ஏடுகளோடும் ஒப்புநோக்கித் தெளிதல் நன்று.

இதற்குப் பெரிய மண்டபம் வேண்டுவதில்லை, மரத்தடி போதும். சொல்ல ஒரு மூதாட்டி, கேட்கப் பத்துச் சிறுவர், குறித்துவைக்க ஓர் ஏடு ஆகிய இவை அமையின் அவை கூடிற்று. மாணவர்களே, உங்கள் இல்லத்துப் பாட்டி இன்று சொல்ல இருக்கிறார். கேட்பதை நாளைக்கென்று ஒத்திவையாதீர்.