மகளுக்கு ஒரு மடிக்கணினி

பெண்ணுக்கு வரன் தேடிய நாள்களில்கூட நம் வீட்டில் இத்தனை விசாரணை நடந்ததில்லை என்று என் மாமியார் கூறினார். அது மிகையன்று. மாப்பிள்ளையின் குணம், குடும்பம், வேலை, வருவாய் ஆகியவற்றைக் கேட்டறிந்ததும் பெரியவர்கள் மனம் அமைந்தனர். மடிக்கணினிக்கோ செயலி, நினைவகம், சேமிப்பகம், திரை, மின்கலம், எடை, பழுதுபார்க்கும் நிலையம் என விசாரிக்க வேண்டியவை நீண்டுகொண்டே சென்றன. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் எங்கள் மகள் இளநிலைக் கணினி அறிவியல் வகுப்பில் சேர்ந்தாள். அன்று தொடங்கிய தேடல் 2026 ஜனவரியில்தான் ஓய்ந்தது.

என் கணவர் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றில் எழுத்தர். கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் அன்றிரவு உறங்கமாட்டார். இரண்டாண்டுகள் கட்டிய சீட்டை எடுத்ததில் கையில் ஐம்பத்தையாயிரம் ரூபாய் இருந்தது. அந்தப் பணத்திற்கு நூற்றுக்கு நூறு நியாயம் செய்யும் ஒரு பொருளைக் கண்டுபிடித்தே தீர்வது என்று அவர் உறுதி பூண்டார். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, அடிக்கோல் வைத்துக் கட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு கணினிக்கும் ஒரு வரி ஒதுக்கினார். முதல் நோட்டு ஆகஸ்டில் நிறைந்தது.

அவர் கற்றுக்கொண்டவற்றுள் சிலவற்றை அருகிலிருந்து நானும் கற்றேன். செயலியின் பெயரைப் படிப்பதே ஒரு தனிக் கல்வி. இன்டெல் நிறுவனத்தின் 'கோர் ஐ5' என்னும் ஒரே பெயரின்கீழ் 1335யு என்று ஒன்று உண்டு. 13420எச் என்று மற்றொன்றும் உண்டு. முன்னதில் உள்ளகங்கள் பத்து, பின்னதில் எட்டு. எட்டைக் காட்டிலும் பத்து பெரிது என்று பள்ளிப்பிள்ளையும் சொல்லும். ஆயினும் அந்தப் பத்தில் வலிமையுடையவை இரண்டே; மற்ற எட்டும் மின்சாரத்தைச் சிக்கனமாய்ச் செலவிடும் சிறியவை. எட்டு உள்ளகங்கள் கொண்டதிலோ வலியவை நான்கு. பெயரின் கடைசியில் நிற்கும் 'யு' குறைந்த மின்சாரத்தில் ஓடுவதைக் குறிக்கும். 'எச்' கடும் உழைப்பிற்கு உரியது, ஆனால் மின்கலத்தை விரைவில் உண்டுவிடும். வாங்குவோரில் எத்தனை பேர் அந்தக் கடைசி எழுத்தைப் பார்க்கின்றனர்?

ஏஎம்டி நிறுவனத்தின் 'ரைசன் 5 7520யு' இன்னும் விந்தையானது. முதலில் நிற்கும் 7 என்னும் இலக்கம், அது 2023ஆம் ஆண்டின் வரிசை என்று அறிவிக்கிறது. மூன்றாவதாக நிற்கும் 2, உள்ளே இருப்பது 2019இல் வெளிவந்த 'சென் 2' என்னும் கட்டமைப்பு என்று மெல்லிய குரலில் ஒப்புக்கொள்கிறது. புதிய சாக்கில் பழைய அரிசி! அரிசியாயின் பழையதற்கு மதிப்புண்டு. வடித்தால் உதிரியாக நிற்கும். கணினிக்கு அந்த வழக்கம் இல்லை. இதைக் கண்டுபிடித்த இரவில் என் கணவர், புதையல் எடுத்தவர்போல் என்னை எழுப்பிச் சொன்னார்.

ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறைகிறது என்பதே அந்த நோட்டின் ஒவ்வொரு பக்கமும் சொன்ன செய்தி. வலிய செயலியுடையது இரண்டேகால் கிலோ எடை. அதன் மின்னேற்றி தனியே அரைக் கிலோ. கால்கடுக்கப் பேருந்தில் நின்றுகொண்டு, சாப்பாட்டுப் பாத்திரத்துடன் அதையும் தோளில் சுமப்பவள் பத்தொன்பது வயதை எட்டாத பெண். மெலிந்ததாக ஒன்றைப் பார்த்தால், அதில் நினைவகம் தாய்ப்பலகையுடனேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. "இப்போது எட்டு ஜிபி போதும், பிறகு கூட்டிக்கொள்ளலாம்" என்ற கடைக்காரரின் ஆறுதல் அங்கே செல்லாது. விலை, எடை, நினைவகம் மூன்றும் ஒத்துவந்தால் திரை மங்கலாக அமைந்துவிடுகிறது. நம் ஊர் வெளிச்சத்தில் திண்ணையில் அமர்ந்தால், 250 நிட் ஒளியுடைய திரையில் நம் முகமே தெரியும்.

ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நிற்கையில் ஆளுக்கொரு யோசனை வந்தது. ஓர் அன்பர் தம் மகன் பயன்படுத்திய கணினியைப் பாதி விலைக்குத் தர முன்வந்தார். அதன் செயலி இன்டெலின் ஏழாம் தலைமுறையைச் சேர்ந்தது. எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை பெரும்பாலும் விண்டோஸ் 11க்கு முறைப்படி ஏற்கப்படுவதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவதாக இருந்தது. என் கணவர் நன்றி கூறி மறுத்தார். செப்டம்பர் 22ஆம் நாள் ஜி.எஸ்.டி. வரி குறைகிறது, பொறுத்திருங்கள் என்றார் வேறொருவர். பெரிய தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கும் குளிர்சாதனங்களுக்கும் 28 விழுக்காடு 18 ஆனது உண்மை. மடிக்கணினிக்கு முன்பே 18, அது அசையவில்லை. பின்னர் தீபாவளித் தள்ளுபடி வரட்டும் என்றனர். அதன்பின் கிறிஸ்துமஸ்.

என் தாயார் 1981ஆம் ஆண்டு தையல் இயந்திரம் வாங்கியதை எண்ணிப் பார்க்கிறேன். கடைவீதியில் இருந்தவை இரண்டு கடைகள். தையற்காரர் ஒருவரை உடன் அழைத்துச் சென்றார். அவர் சக்கரத்தைச் சுழற்றிக் காது கொடுத்துக் கேட்டு, "இதை எடுங்கள் அம்மா" என்றார். அரைமணி நேரத்தில் முடிந்தது. அதே 1981இல்தான் அமெரிக்காவில் 'ஆஸ்போர்ன் 1' என்னும் கணினி விற்பனைக்கு வந்தது. தூக்கிச் செல்லத்தக்கது என்று அதனைப் புகழ்ந்தனர். எடை பதினோரு கிலோ. திரை ஐந்து அங்குலம். நினைவகம் 64 கிலோபைட். உள்ளே மின்கலம் கிடையாது. விலை 1,795 டாலர். வாங்கியவர்கள் மகிழ்ந்தே வாங்கினர். ஒப்பிட்டு ஏங்குவதற்கு அன்று அதன் பக்கத்தில் வேறொன்று இல்லை.

1978இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் இதனை ஆராய்ந்திருக்கிறார். எல்லா வழிகளையும் எடைபோட்டு அனைத்திலும் சிறந்ததைத் தேர்வது மனிதர்க்கு இயலாத செயல். காலமும் அறிவும் அதற்குப் போதா. ஆதலால் இன்ன அளவு இருந்தால் போதும் என்று முதலில் வகுத்துக்கொண்டு, அந்த அளவைத் தொடும் பொருள் கிடைத்ததும் தேடலை நிறுத்துகின்றனர் என்பது 1956இல் அவர் விளக்கிய கருத்து. அதனை மறுக்க நான் யார்? எனினும் எங்களைப் போன்ற வீடுகளின் நிலையையும் உடன்வைத்துப் பார்க்கவேண்டும். வாங்கியது சரியில்லையெனில் அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ளலாம் என்று வசதியுள்ளவர்க்குத் 'போதும்' என்னும் சொல் எளிதில் வாயில் வரும். சீட்டுப் பணத்தில் வாங்குகிறவர் ஒரே முறை வாங்குகிறார். அது நான்கைந்து ஆண்டுகள் உழைத்தாக வேண்டும். தவறினால் அந்த ஆண்டுகள் முழுவதும் பெற்ற பிள்ளையின் கண்முன்னே அந்தத் தவறு திறந்து கிடக்கும். அயலார் சிலர் என் கணவரைப் பேராசைக்காரர் என்று நகைத்தனர். நான் அவ்வாறு எண்ணவில்லை. நள்ளிரவில் கைப்பேசியின் ஒளியில் விலைப்பட்டியல் படித்த முகத்தில் நான் கண்டது அச்சம்.

அந்த அச்சத்திற்கான செலவை எங்கள் மகள் செலுத்திக்கொண்டிருந்தாள். கல்லூரி ஆய்வகம் மாலை நாலரை மணிக்கு மூடப்படும். வீட்டில் அவள் நிரல்களை நீளத்தாள் நோட்டில் பென்சிலால் எழுதுவாள். தவறென்று தோன்றினால் அழித்து எழுதுவாள். எழுதியது ஓடுமா, ஓடாதா என்பது மறுநாள் ஆய்வகம் திறந்த பின்னரே தெரியும். ஒருநாள் கூட அவள் முணுமுணுத்ததில்லை. அதுவே எனக்குத் தாங்கவில்லை.

2025ஆம் ஆண்டின் இறுதியில் ஒருவரும் எதிர்பாராதது நிகழ்ந்தது. செயற்கை நுண்ணறிவுக்கென உலகெங்கும் எழும்பும் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் அவற்றின் விலை கிடுகிடுவென ஏறியது. கணினி என்றால் நாள் செல்லச் செல்ல மலியும் என்பதே நாம் அனைவரும் கண்டிருந்த அனுபவம். நவம்பரில் 52,000 என்று எங்கள் நோட்டில் பதிந்திருந்த கணினிக்குப் பொங்கல் வாரத்தில் 58,000 கேட்டனர்.

அன்று மாலை மகள் தன் தந்தையின் அருகில் வந்து அமர்ந்தாள்.

"அப்பா, அந்த நோட்டைக் கொஞ்சம் கொடுங்கள்" என்றாள். கடைசிப் பக்கத்தில் நான்கு வரிகள் எழுதினாள். நினைவகம் பதினாறு ஜிபி. எடை ஒன்றே முக்கால் கிலோவுக்குள். பழுதுபார்க்கும் நிலையம் நம் ஊரிலேயே. விலை அறுபதாயிரத்திற்குள். "இந்த நான்கும் எனக்கு வேண்டும். மற்றவை எப்படியிருந்தாலும் நான் பழகிக்கொள்வேன்."

அவர் அந்த நான்கு வரிகளை நெடுநேரம் பார்த்தார். "திரை?" என்று கேட்டார்.

"ஜன்னலுக்கு முதுகு காட்டாமல் உட்கார்ந்தால் சரியாகிவிடும், அப்பா."

நோட்டிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டவற்றுள் அந்த நான்கிற்கும் உட்பட்டவை மூன்றே. நான்கு வரிகள் அத்தனை பக்கங்களையும் சலித்துவிட்டதைக் கண்டு நான் வியந்தேன். ஆனால் அந்தப் பக்கங்களைப் படித்தே அவள் எந்த நான்கு என்பதைத் தெரிந்துகொண்டாள் என்பதையும் சொல்லவேண்டும். மறுநாள் இருவரும் கடைக்குச் சென்றனர். மூன்றில் ஒன்று கையிருப்பில் இல்லை. மற்ற இரண்டின் விசைப்பலகையிலும் அவள் தன் பெயரைத் தட்டிப் பார்த்து ஒன்றைச் சுட்டினாள். பற்றாக்குறைப் பணத்திற்கு என் மாமியார் தம் முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.

இப்போது அது கூடத்து மேசையில் இருக்கிறது. திரை சற்று மங்கல்தான். முதல் வாரம் முழுவதும் அவள் பென்சிலில் எழுதி வைத்திருந்த நிரல்களைத் தட்டச்சு செய்தாள். என் கணவர் விலைப்பட்டியல் பார்ப்பதை இன்னும் விடவில்லை. ஆனால் இப்போது நள்ளிரவில் பார்ப்பதில்லை. மூன்றாம் வீட்டில் ஒரு பையன் வரும் ஜூனில் பொறியியல் சேர்கிறான். நோட்டுகள் இரண்டும் அங்கே போயிருக்கின்றன. கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினார்.